மெரூன் நூல் மர்மம்

அத்தியாயம் 5

குளியலறைத் துவாரத்தை அடைத்துக்கொண்டிருந்த முடியை யாரோ பிடுங்கிக்கொண்டு வந்து மேஜைமேல் போட்டுவிட்டார்கள் என்றுதான் ரேடியோ முதலில் நினைத்தான். நாற்காலியை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான். பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு குனிந்து பார்த்தபோது, அது நூல் என்று தெரிந்தது. மெரூன் நூல். எலுமிச்சம்பழ அளவுக்கு, தலை எது வால் எது என்று தெரியாதபடி சிக்கிக் கிடந்தது.

"இந்த வாரத்துல இது ஒன்பதாவது," என்றாள் அதைக் கொண்டுவந்தவள். "இதைப் பண்ணினது யாருன்னு இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

"அஞ்சு மணிக்கு என்ன?"

"லாரி வருது."

ரேடியோவின் சொந்தப் பெயர் அவனைப் பெற்றவளுக்கே மறந்துபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. வாயைத் திறந்தால் கரண்ட் போனால்தான் நிற்பான் என்பதால் வந்த பெயர் இது. வயது நாற்பது. தலையில் முடி கிடையாது, நாக்கில் நரம்பு கிடையாது. எதிர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தவள் அவனுடைய சித்தி. அம்மாவின் கடைசித் தங்கை. சித்தி என்று பெயரே தவிர, அவனைவிட ஆறே வயதுதான் மூத்தவள். இருபது வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, "இனிமே நகராத இடத்துல உட்கார்ந்து பொய்யைப் பிடிக்கப் போறேன்" என்று டயர் கடையின் மாடியில் இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தாள். ரேடியோவை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டதுதான் அவள் செய்த ஒரே தப்பு என்று குடும்பத்தில் ஒரு கருத்து உண்டு.

"ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க," என்றாள் சித்தி.

வந்தவள் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை பார்ப்பவள். அடுத்தவர் வலியை வரிசைப்படி உட்காரவைத்துப் பழகிய குரல். சொந்த வலி என்றதும் அந்தக் குரல் வரிசையை மறந்துவிட்டது. அண்ணன் தம்பி இருவர் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். தம்பி மனைவி இவள், சின்னவள். அண்ணன் மனைவி பெரியவள். பதினாலு வருடம் ஒரே அடுப்பு, ஒரே சமையல். மூன்று மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

"எதனால?"

"மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிஞ்சுது. மோட்டாரை யார் அணைக்கலைங்கறதுல வந்த சண்டை."

"யார் அணைக்கலை?" என்று ரேடியோ கேட்டான்.

"அது இப்ப முக்கியமில்லை," என்றாள் அவள் வேகமாக. ரேடியோவுக்கு விடை கிடைத்துவிட்டது.

பெரியவளின் மகள் நாளைக் காலை வெளியூர்க் கல்லூரிக்குப் புறப்படுகிறாள். குளிர் ஊர், ஹாஸ்டல் வாசம். சின்னவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பெண். அவளுக்காக ஒரு மெத்தைப் போர்வை தைக்கிறாள். மேலே வண்ண வண்ணத் துணித் துண்டுகளை இணைத்த அடுக்கு, நடுவில் பஞ்சு, கீழே ஒரு மஞ்சள் துணி. துண்டுகளை வீட்டிலிருந்த பழைய கறுப்பு மெஷினிலேயே இணைத்துவிட்டாள். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க அதற்குத் தெம்பில்லை என்று புது மெஷின் வாங்கினாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

"நாலு அங்குலம் தைக்கறதுக்குள்ள அடியில இப்படிச் சுருண்டுக்குது. பாபினை மாத்தினேன். பாபின் டப்பாவை மாத்தினேன். பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணினேன். மெக்கானிக்கிட்ட ரெண்டு தடவை தூக்கிட்டுப் போனேன். அவர்கிட்ட அழகாத் தைக்குது. வீட்டுக்கு வந்தா மறுபடியும் இதே கதை."

"யார் மேல சந்தேகம்?"

அவள் கண் கலங்கிவிட்டது. "மத்தியானம் ஒரு மணி வரைக்கும் நான் கிளினிக்ல இருப்பேன். வீட்டுல இருக்கறது அவங்க மட்டும்தான். என் கையால செஞ்ச எதையும் அவங்க பொண்ணு எடுத்துட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். என்மேல கோபம்னா என்னைத் திட்டட்டும். பொண்ணுக்குப் போர்த்தற போர்வையில கையை வைக்கிற மனசு இருந்தா, அந்த வீட்டுல எனக்கு இனிமே என்ன இருக்கு? வேற வீடு பார்த்தாச்சு. லாரியும் சொல்லியாச்சு. ஆனா தெரியாம ஒருத்தர்மேல பழி போட்டுட்டுப் போக மனசு வரலை. அதான் உங்ககிட்ட வந்தேன்."

ரேடியோவுக்கே சட்டென்று ஜோக் வரவில்லை. வாழ்க்கையில் இப்படி இரண்டு மூன்று முறைதான் நடந்திருக்கிறது.

சித்தி ஒரு பென்சிலால் அந்த நூல் உருண்டையைப் புரட்டினாள். "அடி நூல் என்ன நிறம்? பாபின்ல சுத்தியிருக்கறது?"

"மஞ்சள். அடித் துணியோட சேரணும்னு."

"மேல் நூல்?"

"மெரூன்."

சித்தி பென்சில் முனையால் ஒரே ஒரு மஞ்சள் இழையை நெம்பிக் காட்டினாள். இத்தனை களேபரத்துக்கு நடுவில் அது மட்டும் யாருக்கோ பயந்த பிள்ளை மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. சுற்றிலும் சுருண்டிருந்தது அத்தனையும் மெரூன்.

"சிக்கு விழுந்தது கீழே. சிக்கினது மேல் நூல்," என்றாள் சித்தி.

"பிணம் கிடந்தது தரைத்தளம். கொலைகாரன் மாடி வீடு," என்றான் ரேடியோ.

"அதேதான். கீழே கிடக்குதுன்னு எல்லாரும் கீழேயே தேடியிருக்கீங்க. மேல இருந்து யாரோ நூலைக் கேட்பார் இல்லாம அவிழ்த்து விட்டிருக்காங்க." அவள் நிமிர்ந்தாள். "ஊசியில நூல் கோர்க்கறது யாரு? நீங்களா?"

சின்னவள் கொஞ்சம் தயங்கினாள். "எனக்கு ஊசியோட ஓட்டை கொஞ்சம் மங்கலாத் தெரியும். அதுக்காக இந்த வயசுல கண்ணாடி போட முடியுமா? என் வீட்டுக்காரர்தான் காலையில கோர்த்து வெச்சுட்டு வேலைக்குப் போவார். மூணு மாசமா அவர்தான்."

"அதுக்கு முன்னாடி?"

"பெரியவங்க," என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு.

*

மெக்கானிக் கடை ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லாமல் தையல் மெஷின்கள் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தன. மெக்கானிக் கோபமாக இருந்தார். ஒரு மெஷினை இரண்டு முறை சரிசெய்தும் மூன்றாவது முறை விசாரிக்க ஆள் வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது.

"மெஷின் தங்கம். வேணும்னா பாருங்க, அதே மாடல் இதோ இருக்கு." அவர் மெஷின் பின்னால் கையை விட்டு எதையோ தட்டினார், நூல்கண்டை மாட்டினார், மேலும் கீழுமாக இழுத்தார், ஊசியில் கோர்த்தார், தைத்தார். தையல் முத்து முத்தாக விழுந்தது.

"இன்னொரு தடவை," என்றாள் சித்தி.

அவர் நூலை உருவிவிட்டு மறுபடி செய்தார்.

"இன்னும் ஒரே ஒரு தடவை."

"சித்தி, அவர் வித்தை காட்டறவர் இல்லை," என்றான் ரேடியோ. "கைதட்டறதுக்கும் ஆள் இல்லை."

மெக்கானிக் மூன்றாவது முறையும் செய்தார். பின்னால் கையை விட்டு ஒரு தட்டு, பிறகு நூல். வீட்டுக்குள் நுழைகிறவன் செருப்பைக் கழற்றிவிடுவது மாதிரி, தான் செய்கிறோம் என்று தெரியாமலே செய்தார். சித்தியின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்தது. ரயிலில் அந்தச் சிரிப்பைப் பார்த்த எத்தனையோ பேர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கியிருக்கிறார்கள்.

"அந்தம்மா மெஷினைக் கொண்டு வந்தப்ப அதுல நூல் இருந்துச்சா?"

"இருக்காது. உருவிட்டு மொட்டையாத்தான் கொண்டு வருவாங்க. நான் என் நூலைக் கோர்த்துத்தான் பார்ப்பேன்."

"போதும், ரொம்ப நன்றி." வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்போது சித்தி ஒரு பழைய பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றான் ரேடியோ. "புருஷன். கோர்க்கறது அவன். அவன்தான் குற்றவாளி. காரணம் என்னன்னா, ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு..."

"அவர் என்ன வேலை பார்க்கறார்னு அந்தம்மா சொன்னாங்களே?"

"லிஃப்ட் ரிப்பேர்."

"அப்ப ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கறது அவருக்குப் பழக்கம்தான்," என்றாள் சித்தி. தன் ஜோக்கை அவள் முந்திக்கொண்டு சொல்லிவிட்டதில் ரேடியோ அடுத்த தெரு வரைக்கும் உம்மென்று இருந்தான். "ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கோ. நான் ரயில் பெட்டிக்குள்ள வந்ததும் ஜன்னல் வழியா இயற்கைக் காட்சியை ரசிக்க ஆரம்பிப்பான் பாரு, அவன்கிட்டதான் டிக்கெட் இருக்காது."

*

நாலு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனபோது, கூடத்தில் பாதிச் சாமான் அட்டைப் பெட்டிகளில் ஏறியிருந்தது. ஜன்னலோர மேஜையில் புது மெஷின் நின்றது. அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு பாதி தைத்த போர்வை தரை வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது. சமையலறையிலிருந்து பாத்திரச் சத்தம் வந்தது.

"யாரோ வந்திருக்காங்க போல. டீ குடிப்பாங்களா என்னன்னு தெரியலை," என்று உள்ளே ஒரு குரல் அடுப்பிடம் சொன்னது. அது பெரியவள்.

"சர்க்கரை கம்மியாப் போட்டாப் போதும்," என்று சின்னவள் ஃபிரிட்ஜிடம் பதில் சொன்னாள்.

மூன்று மாதமாக இந்த வீட்டில் அடுப்புக்கும் ஃபிரிட்ஜுக்கும்தான் பேச்சு வார்த்தை என்று ரேடியோ புரிந்துகொண்டான். அவை இரண்டும் நல்ல புரிதலோடு இருந்தன. டீயில் சர்க்கரை சரியாக இருந்தது.

பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த சின்னவளின் கணவன் எழுந்து வந்தான். சித்தி மெஷின் பக்கம் குனிந்தாள். ஊசியில் மெரூன் நூல் கோர்த்துத் தயாராக இருந்தது.

"இன்னைக்கு இதை யார் கோர்த்தது?"

"நான்தான்," என்று சொல்லிவிட்டு அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். வெளியே சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு மதில் சுவர் இருந்தது. அவன் அதை மிகுந்த ஈடுபாட்டோடு ரசித்தான்.

ரேடியோ சித்தியைப் பார்த்தான். சித்தி ரேடியோவைப் பார்த்தாள்.

"ரொம்பத் தேர்ந்த கை உங்களுக்கு," என்றாள் சித்தி. "நூலோட நுனியைப் பாருங்க. தொங்க விடாம, பாதத்துக்கு அடியில பின்பக்கமாத் தள்ளி விட்டிருக்கு. வருஷக்கணக்காத் தைக்கிறவங்களுக்குத்தான் அது கை வரும்." துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் இரும்புத் துண்டுக்குத்தான் பாதம் என்று பெயர். சித்தி கத்தரிக்கோலை எடுத்தாள். நறுக். நூலை மொத்தமாக உருவி அவன் கையில் வைத்தாள். "இன்னொரு தடவை கோர்த்துக் காட்டுங்களேன்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். நூலை எச்சிலில் நனைத்தான். ஒற்றைக் கண்ணை மூடினான். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடினான்.

"நூல் ஊசியை நெருங்குகிறது," என்று ரேடியோ தன் பெயருக்கு மரியாதை செய்தான். "இடது பக்கமாகக் கடந்து போகிறது. திரும்ப வருகிறது. இந்த முறை வலது பக்கம். ஊசி அசையாமல் நிற்கிறது, நேயர்களே. ஆட்டக்காரருக்கு வியர்க்கிறது."

"சும்மா இருடா," என்றாள் சித்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. நூல் ஈரமாகி, பிரிந்து, துடைப்பமாகிவிட்டது. ஊசியின் துவாரம் கன்னி கழியாமல் அப்படியே இருந்தது. அவன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான், பிறகு சமையலறை வாசலைப் பார்த்தான்.

"எனக்கும் கண்ணு தெரியலை," என்றான் மெதுவாக.

"மூணு மாசமா?" என்றாள் சின்னவள்.

"ஒருநாள்கூட நான் கோர்த்தது கிடையாது. நீ கிளினிக்குக்குப் போனதும் அண்ணிகிட்டக் கேட்பேன். அவங்க கோர்த்துக் குடுப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறது இல்லை. சொன்னா நீ நூலையே தொட மாட்டே. அதனால நான் கோர்த்ததாச் சொல்லிட்டேன்."

சின்னவளின் முகம் வெளுத்தது. அவளுக்கு வேண்டியிருந்த சாட்சி கிடைத்துவிட்டது, ஆனால் அது கிடைத்ததில் அவளுக்குத் துளியும் சந்தோஷமில்லை. "அப்ப அவங்க கைதான். நான் சொன்னேன்ல, மேடம். நான் தப்பா நினைக்கக் கூடாதுன்னு எவ்வளவு வேண்டிக்கிட்டேன் தெரியுமா?" புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "லாரி வரட்டும். அந்தப் போர்வை இங்கேயே கிடக்கட்டும்."

வழக்கு முடிந்தது என்று ரேடியோ எழுந்தேவிட்டான். சித்தி அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அம்மா, கொஞ்சம் வாங்களேன்," என்று அவள் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "தினமும் எப்படிக் கோர்ப்பீங்களோ, அப்படியே ஒரு தடவை."

பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. மெஷின் பின்னாலிருந்த பிடியை அழுத்தி, டக்கென்று பாதத்தைத் துணிமேல் இறக்கினாள். நூலை மாட்டினாள், இழுத்தாள், கோர்த்தாள், நுனியைப் பாதத்துக்கு அடியில் பின்பக்கம் தள்ளினாள். மொத்தமே பத்து விநாடி.

"தைங்க."

மெஷின் நாலு அங்குலம் ஓடி, கரகரவென்று இருமி, நின்றது. சித்தி துணியைத் திருப்பிக் காட்டினாள். அடியில் மெரூன் உருண்டை ஒன்று பிறந்திருந்தது. பத்தாவது.

பெரியவளின் கை மேஜையிலேயே நின்றுவிட்டது. "நானா? நான் கோர்த்ததாலயா?"

"இப்ப பாதத்தைத் தூக்கிட்டுக் கோருங்க," என்றாள் சித்தி.

பெரியவள் தூக்கினாள். கோர்த்தாள். இறக்கினாள். தைத்தாள். போர்வையின் ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே ஓட்டம். மேலே மெரூன் வரிசை, கீழே மஞ்சள் வரிசை, நடுவில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"மேல் நூலை இழுத்துப் பிடிக்க உள்ளே ரெண்டு தட்டு இருக்கு," என்று சித்தி சொன்னாள். "பாதம் தூக்கியிருந்தா அது திறந்திருக்கும், நூல் நடுவுல போய் உட்காரும். இறக்கியிருந்தா மூடிக்கும், நூல் வெளியிலேயே நின்னுடும். பிடிக்க ஆள் இல்லாத நூல் அடியில போய்த்தான் சுருளும். பழைய மெஷின்ல அந்தத் தட்டு வெளியிலேயே இருக்கறதால, எப்படிக் கோர்த்தாலும் கையால உள்ளே தள்ளிடலாம். புதுசுல எல்லாம் மூடிக் கிடக்கு. மெக்கானிக் மூணு தடவையும் முதல்ல பாதத்தைத்தான் தூக்கினார். ஏன்னு அவர் யோசிக்கவே இல்லை. நீங்க ஏன் இறக்கறீங்க?"

"பதினோரு வருஷம் துணிக் கம்பெனியில தைச்சேன்," என்றாள் பெரியவள். ஆள்காட்டி விரலைக் காட்டினாள். நகத்தின் நடுவே ஊசி ஏறிய தழும்பு இருந்தது. "'பாதம் இறங்கியிருந்தா விரல் அடியில போகுமா?'ன்னு அன்னைக்குச் சூப்பர்வைசர் போட்ட சத்தத்துல, ஊசிகிட்டக் கை போனா முதல்ல பாதத்தை இறக்கற பழக்கம் வந்துடுச்சு. மாத்தவே முடியலை."

அவள் இப்போது மெஷினைப் பார்த்துப் பேசினாள். அடுப்புக்குப் பதில் அது. "என் பொண்ணுக்குத்தானே தைக்கிறா. அவளுக்குக் கண்ணு தெரியலை, வாய் திறந்து சொல்லவும் மாட்டா. அதான் கோர்த்து வெச்சேன். தினமும் மத்தியானம் நூல் சிக்கி அவ விசும்பறது சமையலறை வரைக்கும் கேட்கும். நான்தான் சரியாக் கோர்க்கலையோன்னு, மறுநாள் இன்னும் ஜாக்கிரதையா..." குரல் உடைந்தது. "இன்னும் நல்லா அழுத்தி இறக்கிட்டுக் கோர்த்தேன்."

ரேடியோ ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்து முடித்தான்.

சின்னவள் இரண்டு அட்டைப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பாதத்தைத் தூக்கிட்டுக் கோர்க்கணும்னு தெரியாதா, அக்கா?" என்றாள். மூன்று மாதத்தில் முதல் வார்த்தை ஒரு திட்டாக வந்தது.

"கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போடணும்னு உனக்குத் தெரியாதா?"

"நீங்கதான் கோர்க்கறீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சிக்குதுன்னு நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் வந்து, எதை முதலில் முடிப்பது என்று தெரியாமல் திணறினார்கள். பிறகு ஒன்றாகத் திரும்பி, கயிறும் கையுமாக நின்ற லிஃப்ட்காரனைப் பார்த்தார்கள். அவன் பெட்டிக்குக் கட்டிய கயிற்றைத் தானாகவே அவிழ்க்கத் தொடங்கினான்.

"சித்தி, அறிக்கையில குற்றவாளின்னு யார் பேரைப் போடறது?" என்று ரேடியோ ரகசியமாகக் கேட்டான். "கோர்த்தவங்களா, கோர்த்தேன்னு சொன்னவரா, கண்ணாடி போடாதவங்களா?"

"நீ முதல்ல அந்தப் போர்வையோட மறு நுனியைப் பிடி. தரையில இழுபடுது," என்றாள் சித்தி.

நான்கு பேர் போர்வையைத் தாங்கிப் பிடிக்க, சின்னவள் உட்கார்ந்து தைத்தாள். நூல் தீரும்போதெல்லாம் பெரியவள் பாதத்தைத் தூக்கினாள், ஒவ்வொரு முறையும் "தூக்கிட்டேன், பார்த்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே. மெஷின் மூச்சுவிடாமல் ஓடியது. அந்தச் சத்தத்தில் லாரி வந்து நின்றதே யாருக்கும் கேட்கவில்லை. தோளில் துண்டோடு டிரைவர் வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"எந்தச் சாமானை முதல்ல ஏத்தணும்?"

லிஃப்ட்காரன் மனைவியைப் பார்த்தான். சின்னவள் தையலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அக்காவைக் கேளுங்க," என்றாள்.

பெரியவள் போர்வையின் விளிம்பை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏத்தறதுக்கு இங்க ஒண்ணும் இல்லை, தம்பி," என்றாள். "நீங்க போயிட்டு வாங்க."